அளவும் அளவு மீறலும்: மீன்பிடிக் கலங்களின் பங்கு விதிகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

குளத்து நீரை நம்பி வாழ்பவர்க்கு அளவு என்னும் சொல்லின் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வட்டக்கச்சியிலும் அதன் அயலிலும் பிறந்து வளர்ந்த நாம், சிறுபோகம் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை நன்கு அறிவோம். இரணைமடுவில் நிற்கும் நீர் எத்தனை அடி, அந்நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும், எந்த வாய்க்காலின் கீழ் எவர்க்கு எத்தனை பங்கு, விதைப்புக்கு இறுதி நாள் யாது என்பனவெல்லாம் அங்கே பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. தமக்குரிய பங்குக்கு மேலாக ஒருவர் அரை ஏக்கர் விதைத்தால், அதற்கு வேண்டிய நீர் வானத்திலிருந்து வருவதில்லை. வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவரின் வயலிலிருந்தே வருகின்றது. மீறியவரின் பயிர் விளைகின்றது. கடைமடைக்காரரின் பயிர் கதிர்விடும் பருவத்தில் வாடுகின்றது.

இக்கட்டுரையின் பொருள் வயலன்று, கடல். ஆயினும் கடலிலும் இன்று இதே வழக்கே நடைபெறுகின்றது. ஒரு கடற்பரப்பில் ஓராண்டுக்கு இத்தனை தொன் மீனே பிடிக்கலாம் என்று வரையறுத்து, அதனை நாடுகளுக்கும் கலங்களுக்கும் பங்கிட்டு, பங்கை மீறியவரிடம் கணக்குக் கேட்கும் சட்டங்கள் கடந்த அரை நூற்றாண்டில் உலகெங்கும் எழுந்துள்ளன. அவ்விதிகள் எவ்வாறு இயங்குகின்றன, அவை எங்கே வென்றன, எங்கே தோற்றன, எமது கரையோர மக்களுக்கு அவற்றால் வரக்கூடிய நன்மை தீமைகள் யாவை என்பவற்றை ஆராய்வதே இதன் நோக்கம். உழவர் ஊரிலிருந்து எழுதப்படும் கட்டுரை கடலைப் பற்றியதாய் அமைவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். கிழக்கே சுண்டிக்குளமும் முல்லைத்தீவும், மேற்கே பூநகரியும் நாச்சிக்குடாவும் எமது அயலூர்களே. இக்கல்லூரியின் வாங்குகளில் உழவர் மக்களும் கடற்றொழிலாளர் மக்களும் அருகருகே அமர்ந்தே கற்றனர்.

கடல் வற்றாது என்ற எண்ணம்

மிக அண்மைக் காலம் வரையிற் கற்றறிந்தோரும் கடல்மீனுக்கு முடிவில்லை என்றே எண்ணினர். 1883 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற சர்வதேச மீன்பிடிப் பொருட்காட்சியில், அக்காலத்தின் பெயர்பெற்ற உயிரியல் அறிஞராகிய தோமஸ் ஹக்ஸ்லி, பெரிய கடல் மீன்வளங்கள் பெரும்பாலும் தீர்ந்துபோகாதவை என்றும், மனிதர் பிடிக்கும் மீன் அவற்றின் தொகையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்றும் உரைத்தார். பாயும் துடுப்பும் கொண்டு தொழில் நடந்த காலத்துக் கணக்கு அது. எஞ்சின் பூண்ட இழுவைக்கலமும், பனிக்கட்டி அறையும், மீன்கூட்டத்தை ஒலியால் அறியும் கருவியும் வந்தபின் அக்கணக்குப் பொய்த்தது.

கனடா தேசத்து நியூபவுண்ட்லாந்துக் கரையின் வரலாறு இதற்குத் தலையாய சான்றாகும். அக்கடலின் கொட் மீன் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவுக்கு உணவளித்தது. 1968 ஆம் ஆண்டில், பெரும்பாலும் பிறநாட்டு இழுவைக்கலங்களின் பங்கினால், அங்கே பிடிபட்ட கொட் ஏறக்குறைய 8 இலட்சம் தொன்னை எட்டியது. பின்னர் பிடிப்பு எல்லைகள் விதிக்கப்பட்டன. 1977 இல் கனடா 200 கடல்மைல் எல்லையைத் தனதாக்கிப் பிறநாட்டுக் கலங்களை விலக்கிற்று. எனினும் மீன் மீளவில்லை. கலங்களின் திறமை பெருகியதால் வலை நிறைந்ததையே மீன் நிறைந்ததாகக் கொண்டு மதிப்பிட்டனர். அம்மதிப்பின்மேல் எல்லையும் உயர்வாகவே விதிக்கப்பட்டது. 1992 யூலை 2 ஆம் திகதி அரசாங்கம் அத்தொழிலை முற்றாக நிறுத்தியபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். 32 ஆண்டுகள் கழிந்து, 2024 இலேயே வர்த்தகப் பிடிப்பு மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தம் 18,000 தொன் மாத்திரமே. 8 இலட்சம் எங்கே, 18,000 எங்கே! குளத்தின் அளவுகோலைப் பிழையாக வாசித்து நீரைத் திறந்துவிட்டவர் அடையும் கதியை இவ்விரு எண்களும் கூறுகின்றன.

பங்கு வகுக்கும் முறை

பங்கு வகுத்தல் மூன்று படிகளாக நிகழ்கின்றது. முதலாவது, ஒரு மீனினம் குன்றாதவாறு ஓராண்டில் எவ்வளவு பிடிக்கலாம் என அறிவியலாளர் மதிப்பிடுவர். இதனை மொத்தப் பிடிப்பெல்லை எனலாம். 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயத்தின் 61 ஆம் உறுப்புரை, கரையோர நாடு தனது பொருளாதார வலயத்துள் இதனை வரையறுக்க வேண்டும் என விதிக்கின்றது. இரண்டாவது, எல்லை தாண்டி உலவும் மீனினங்களாயின், அம்மொத்தம் நாடுகளிடையே பங்கிடப்படும். மூன்றாவது, ஒரு நாட்டின் பங்கு அந்நாட்டுக் கலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். கோட்டா என்று பொதுவழக்கில் நாம் சொல்லும் பிடிப்பங்கு இதுவே.

ஐஸ்லாந்து 1984 முதல் அடிமீன் இனங்களுக்குக் கலந்தோறும் பங்கு வகுத்தது. நியூசிலாந்து 1986 இல் தன் முக்கிய மீனினங்களுக்கு இம்முறையைக் கொணர்ந்தது. இவ்விரு நாடுகளிலும் பங்கு என்பது நிலவுறுதி போன்றது. அதனை விற்கலாம், வாங்கலாம், குத்தகைக்குக் கொடுக்கலாம். இதனால் முந்தியடித்துப் பிடிக்கும் போட்டி தணிந்தது. மறுபுறத்தில், பங்குகள் பெருங் கம்பனிகளின் கையிற் சேர்ந்து சிற்றூர்களின் துறைகள் வெறுமையடைந்தன என்ற குறையும் எழுந்தது. காணி விற்கும் உரிமை வந்தவுடன் ஏழையின் காணியே முதலில் விலைபோகும் என்பதை நாமும் அறிவோம்.

மீறியவர்க்குரிய விதிகள்

பங்கு வகுத்தல் எளிது. மீறியவரை என் செய்வது என்பதே அரிது. அரிதாவதற்குக் காரணம் மீனின் இயல்பேயாம். மிகையாக விதைத்த வயலுக்கு நீரை அடைத்துவிடலாம். மிகையாக வலையில் ஏறிய மீனோ, கணக்குப் பார்க்கும் வேளையில் இறந்துவிட்டது. அன்றியும், வலை இனம் பார்த்து மீனைக் கொள்வதில்லை. ஓர் இனத்தில் பங்கு முடிந்த கலம் வேறோர் இனத்தைத் தேடி வலை விரித்தாலும் முன்னையதும் உடன் ஏறிவிடும். அதனைக் கரைக்குக் கொணர்ந்தால் தண்டம் உண்டெனின், தலைவன் அதனைக் கடலிலேயே வீசுவான். பிணமான மீன் கடலுக்கும் பயனின்றி, மனிதர்க்கும் பயனின்றி, கணக்கிலும் ஏறாமல் மறைந்துபோகும். தண்டம் இலேசாயின் வேறொரு கேடு நேரும்: மீன்விலையில் ஒரு சிறு கூறாக அதனைச் செலுத்திவிட்டு மீறலைத் தொழிலாகவே நடத்துவர். இவ்விரு கேடுகளுக்கும் நடுவே வழி காண முயன்ற நாடுகள் நால்வகை விதிகளை வகுத்துள்ளன.

முதலாவது, அடுத்த ஆண்டிற் கழித்தல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு விதியின்படி, பங்கை மீறிய நாட்டுக்கு மீறிய தொகை பின்வரும் ஆண்டிற் குறைக்கப்படும். மீறல் 5 வீதத்துக்கு உட்படின் மீறிய அளவே கழியும். 5 முதல் 10 வீதமாயின் அதன் 1.1 மடங்கு, 10 முதல் 20 வரை 1.2 மடங்கு, 20 முதல் 40 வரை 1.4 மடங்கு, 40 முதல் 50 வரை 1.8 மடங்கு; 50 வீதத்துக்கு மேற்படின் இரு மடங்கு. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 1,000 தொன் பங்குடைய நாடு 1,150 தொன் பிடித்ததெனக் கொள்க. மீறல் 150 தொன், அஃதாவது 15 வீதம். 150 ஐ 1.2 ஆற் பெருக்க 180. ஆகவே அடுத்த ஆண்டின் பங்கிலிருந்து 180 தொன் கழிக்கப்படும். சிறு தவறுக்குச் சிறு வட்டியும் பெருந் தவறுக்குப் பெரு வட்டியும் என்பதே இதன் தத்துவம். 100 தொன்னுக்கு மேற்படாத மீறலுக்குப் பெருக்கம் இல்லை என்ற சலுகையும் உண்டு.

இரண்டாவது, மீறலின் ஆதாயத்தைப் பறித்தல். நோர்வேயில் 1987 முதல் கொட் முதலிய இனங்களைக் கடலில் வீசுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பங்கை மீறிய மீனையும் கரைக்குக் கொண்டுவந்தே தீரவேண்டும். அதன் விற்பனைப் பணம் மீனவர் விற்பனைச் சங்கத்தைச் சேரும். கொண்டுவந்த செலவுக்கென ஐந்தில் ஒரு பங்கு வரையே கலத்துக்குக் கிடைக்கும். ஐஸ்லாந்திலும், பங்குக்குப் புறம்பான மீனில் ஒரு சிறு வரையறைக்கு உட்பட்டதை ஏலத்தில் விற்று, 80 வீதத்தை ஆராய்ச்சி நிதிக்கும் 20 வீதத்தைக் கலத்துக்கும் கொடுக்கும் முறை உண்டு. கடலில் வீசுவதற்கு மனம் வராதவாறு சிறிது கொடுத்து, வேண்டுமென்று பிடிப்பதற்கு மனம் வராதவாறு பெரும்பாலானதை எடுத்துக்கொள்ளும் இவ்வேற்பாடு மனித இயல்பை அறிந்தோர் வகுத்த ஏற்பாடு என்க.

மூன்றாவது, விலை செலுத்துவித்தல். நியூசிலாந்தில் ஒரு கலம் தன் ஆண்டுப் பிடிப்புரிமைக்கு மேற்பிடித்தால், உரிமை மீதமுள்ள வேறொருவரிடம் அதனை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம். அன்றேல், மீறிய ஒவ்வொரு கிலோவுக்கும் அரசு நியமித்த மதிப்புப் பணத்தைச் செலுத்தவேண்டும். அம்மதிப்பைத் தாழ்வாக நியமித்தால் மீறுதல் இலாபமாகும். உயர்வாக நியமித்தால் மீன் கடலில் வீசப்படும். ஆண்டுதோறும் அதனைச் சீர்தூக்குவது கூரிய கத்தியின்மேல் நடப்பது போன்றது.

நான்காவது, தண்டமும் அனுமதி நீக்கமும். 1995 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மீன்வள உடன்படிக்கை, பங்கு இல்லாமலோ பங்கு முடிந்த பின்னரோ பிடித்தலையும், பிடிப்பைப் பொய்யாகப் பதிதலையும் பாரதூரமான மீறல்களின் வரிசையில் வைத்துள்ளது. தண்டனை குற்றவாளி அடைந்த ஆதாயத்தைப் பறிக்கத்தக்க கடுமையுடையதாதல் வேண்டும் எனவும் அது கூறுகின்றது. அதேவேளை, பிறநாட்டுக் கலங்களைப் பற்றி 1982 ஆம் ஆண்டுச் சமவாயம் ஓர் எல்லை வகுத்தது: நாடுகளிடையே வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பொருளாதார வலயத்தில் நேரும் மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை விதிக்கலாகாது, பிணை கொடுத்தால் கலத்தையும் மாலுமிகளையும் காலந்தாழ்த்தாது விடவேண்டும். மீன்பிடிப்போன் பிழைப்பைத் தேடிக் கடலுக்குச் சென்றவன் என்ற இரக்கம் அவ்விதியில் உள்ளது.

தராசே முதல்

மேற்கூறிய நால்வகை விதிகளும் ஒரு பொருளைத் தாங்கியே நிற்கின்றன. அது தராசு. கரையில் இறங்கிய மீன் எவ்வளவு என்பது உண்மையாகத் தெரியாவிடில், கழித்தலும் பறித்தலும் விலையும் தண்டமும் வெறுங் காகிதமாகும்.

ஸ்கொத்லாந்தில் நிகழ்ந்ததை நோக்குக. 2002 முதல் 2005 வரையான காலத்தில், பங்கை மீறிப் பிடித்த ஹெரிங், கானாங்கெளுத்தி மீன்களைக் கணக்கில் ஏற்றாது இறக்கிய வழக்கு அங்கே வெளிப்பட்டது. அவ்வாறு இறங்கிய மீனின் பெறுமதி ஏறத்தாழ 630 இலட்சம் பவுண். மீன் இறங்கிய தொழிற்சாலைகளில் அதிகாரிகளின் கண்ணுக்கு ஒரு நிறையும், உரிமையாளர் கண்ணுக்கு வேறொரு நிறையும் காட்டும் ஒழுங்குகள் இருந்தமை விசாரணையில் தெரியவந்தது. 2012 பெப்ரவரியில் 17 கலத் தலைவர்கள் தண்டிக்கப்பட்டனர். குற்றம் செய்தவர் சிலர். கடனைத் தீர்த்தவரோ பலர். பிரித்தானியாவின் கானாங்கெளுத்தி, ஹெரிங் பங்குகளிலிருந்து 2007 முதல் 2012 வரை ஆண்டுதோறும் கழிக்கப்பட்டமையால், களவில் கலவாத கலங்களின் வலையும் குறுகிற்று.

அமெரிக்காவின் நியூ பெட்பேட் துறையிலே கார்லோஸ் ரபாயல் என்னும் பெருங் கல உரிமையாளர் வேறொரு வழியைக் கண்டார். நிறையை மறைக்காது பெயரை மாற்றினார். பங்கு குறைந்த இனத்து மீனைப் பங்கு மிகுந்த இனத்தின் பெயரிற் பதிந்தார். 2017 இல் அவருக்கு 46 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தராசு மெய்யாயிருப்பினும் ஏடு பொய்யாயின் பயனில்லை என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

இவற்றுக்கு மறுதலையாக, ஐஸ்லாந்தில் இறங்கும் மீன் துறைமுகத் தராசிலே, உரிமம் பெற்ற நிறுவையாளர் முன்னிலையில் நிறுக்கப்படுகின்றது. ஒவ்வொரு கலத்தின் பிடிப்பும் மீதமுள்ள பங்கும் யாவரும் பார்க்க வெளியிடப்படுகின்றன. அயலவன் கணக்கை அயலவன் பார்க்க முடியுமிடத்தில் அதிகாரி ஒருவர் நூறு அதிகாரிகளுக்கு நிகராவார். எமது வாய்க்கால்களிலும் களவாக மடை திறந்தவனை முதலிற் காண்பவர் உத்தியோகத்தரல்லர், அடுத்த வயற்காரரே.

இந்து சமுத்திரத்துச் சூரை

இனி எமது சமுத்திரத்துக்கு வருவோம். இந்து சமுத்திரச் சூரைமீன் ஆணைக்குழு சீஷெல்ஸ் தீவுகளைத் தலைமையிடமாகக் கொண்டது. இலங்கை 1994 முதல் அதன் அங்கத்துவ நாடு. சந்தையிலே கெலவல்லா என வழங்கும் மஞ்சட் செட்டைச் சூரை அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று 2015 இல் அவ்வாணைக்குழு கண்டது. 2016 இல் பெருந்தொகையாகப் பிடிக்கும் நாடுகளுக்குக் குறைப்பு விதிக்கப்பட்டது. பெரும்பாலும் 2014 ஆம் ஆண்டுப் பிடிப்பை அடியாகக் கொண்டு, சுருக்குவலைக் கலங்கள் 15 வீதமும், செவுள்வலைக் கலங்களும் நெடுந்தூண்டிற் கலங்களும் 10 வீதமும், ஏனைய முறைகள் 5 வீதமும் குறைக்கவேண்டும் என்பது தீர்மானம். பின்வந்த தீர்மானங்கள் மீறலுக்கும் விதி செய்தன: எல்லையை மீறிய அளவு முழுவதும் அடுத்த இரண்டு ஆண்டுகளின் எல்லையிற் கழியும், தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகள் மீறின், மீறிய அளவின் 125 வீதம் கழியும்.

ஆனால் ஆணைக்குழுவின் யாப்பிலே ஒரு வாயில் உண்டு. தீர்மானத்துக்கு ஆட்சேபம் தெரிவித்த நாட்டை அத்தீர்மானம் கட்டுப்படுத்தாது. 2021 ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்கு இந்தியா, இந்தோனேசியா, ஈரான், ஓமான் முதலிய நாடுகள் ஆட்சேபம் தெரிவித்து அதன் கட்டினின்றும் விலகி நின்றன. ஒரு வாய்க்காலில் சிலர் மட்டும் கூட்டத்தின் முடிவுக்குக் கட்டுப்பட்டு, ஏனையோர் தத்தம் மடையைத் தாமே திறந்தால் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எனினும் முயற்சி முற்றிலும் வீண்போகவில்லை. 2024 ஆம் ஆண்டு மதிப்பீடு, மஞ்சட் செட்டைச் சூரை இப்போது அளவுமிஞ்சிய நிலையில் இல்லை எனக் கூறிற்று. 2022 இல் குன்றிய நிலையிற் காணப்பட்ட பெருங்கண் சூரைக்கு 2024, 2025 ஆம் ஆண்டுகளுக்கென ஆண்டுக்கு 80,583 தொன் என மொத்த எல்லை விதிக்கப்பட்டு நாடுகளுக்குப் பங்கிடப்பட்டது.

கணக்கில்லாமை என்னும் குற்றத்துக்கு இலங்கை செலுத்திய விலையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையை எச்சரித்தது. ஆழ்கடற் கலங்கள் எங்கே நிற்கின்றன என்று அறியும் ஒழுங்கு இல்லை, மீறியவர்க்குத் தக்க தண்டனை இல்லை என்பன அதன் முறைப்பாடுகள். திருத்தம் போதாமையால் 2015 சனவரி முதல் இலங்கை மீனுக்கு அச்சந்தை மூடப்பட்டது. 2013 இல் அச்சந்தைக்குச் சென்ற இலங்கை மீனின் பெறுமதி 740 இலட்சம் யூரோ. பின்னர் 2015 இல் தண்டங்கள் உயர்த்தப்பட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்ட பலநாட் கலங்களுக்குச் செய்மதி வழியாக இடமறியும் கருவி பூட்டப்பட்டது. பிடிப்பேடு எழுதுதல் வற்புறுத்தப்பட்டது. 2016 யூனில் தடை நீங்கியது. மீறியவை சில கலங்களே. சந்தை இழந்தவரோ நாட்டின் ஏற்றுமதிக் கடற்றொழிலார் யாவரும்.

எமது கரை

இத்துணையும் ஆழ்கடலின் செய்தி. முல்லைத்தீவிலும் கிளிநொச்சிக் கரையிலும் வள்ளம் செலுத்துவோர்க்கு இதனால் என்ன என்று வினவலாம்.

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் கரையோரத்தில் பெரும்பாலும் கருவியையும் காலத்தையும் இடத்தையும் கட்டுப்படுத்துகின்றன. ஒவ்வொரு வள்ளத்துக்கும் இத்தனை தொன் என்று வகுப்பதில்லை. சினை தாங்கிய சிங்கிறாலைப் பிடிக்கலாகாது, வெடி வைக்கலாகாது, அட்டைக்கும் சங்குக்கும் மூழ்க அனுமதிப்பத்திரம் வேண்டும். 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், பாராளுமன்ற உறுப்பினர் ம. ஆ. சுமந்திரன் கொணர்ந்த தனியார் பிரேரணையின் பயனாக, கடலடியை வழிக்கும் இழுவைமடியை நாடு முழுவதிலும் தடைசெய்தது. இரண்டு ஆண்டுகள் வரையான சிறையும் 50,000 ரூபாவுக்குக் குறையாத தண்டமும் அதற்குரியன. பல்லாயிரம் வீடுகளைக் கொண்ட கரையோரத்தில் மீனை நிறுப்பதைவிட வலையைப் பார்ப்பது எளிது. ஆகவே இம்முறை அறிவுடையதே. எனினும் இதற்கும் குறை உண்டு. பாக்கு நீரிணையின் மறுகரையில் இழுவைப்படகுகளுக்குக் கிழமையில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற வழக்கு நெடுங்காலமாக உண்டு. 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் கரையோர நீரைச் சிறு தொழிலுக்கு ஒதுக்கிற்று. ஆயினும் நாளைக் குறைத்தால் குதிரைவலு கூடுகின்றது. தன் கரையில் மீன் குன்றினால் கலம் பிறர் கரைக்கு வருகின்றது. இருகரையிலும் ஒரே மொழி பேசும் ஏழைகளே வலையையும் வாழ்வையும் இழக்கின்றனர். மொத்த அளவு ஒன்றை வகுக்காமல் நாளையும் கருவியையும் மட்டும் வகுத்ததன் விளைவு அது எனலாம்.

இதனினும் ஆழ்ந்து எண்ணவேண்டிய ஒன்று உண்டு. சூரைப் பங்கை நாடுகளிடையே நிலையாக வகுப்பதற்கான பேச்சுக்கள் ஆணைக்குழுவில் 2011 முதல் பல்லாண்டுகளாக நடந்து வந்துள்ளன. அங்கே எழும் முதல் வினா, சென்ற காலத்தில் நீ எவ்வளவு பிடித்தாய் என்பதே. தூரதேசத்துப் பெருங்கலங்கள் ஏட்டைக் காட்டிப் பங்கு கேட்கின்றன. கரையோர நாடுகள், கடலருகே வாழ்வோர்க்கு வாழ்வுரிமை உண்டென்று வாதிடுகின்றன. இதே வினா நாளை இந்நாட்டுக்குள்ளே மாவட்டங்களிடையேயும் துறைகளிடையேயும் எழுமாயின், வன்னிக் கரையின் விடை என்ன? போர் 2009 இல் முடியும்வரை வடகடலில் இரவுத் தொழிலும் ஆழ்கடற் பயணமும் தடுக்கப்பட்டிருந்தன. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை முல்லைத்தீவின் வாடிகளையும் வள்ளங்களையும் வாரிக்கொண்டது. அவ்வாண்டுகளின் ஏட்டில் எமது பிடிப்புச் சிறிதாகவே நிற்கும். அச்சிறுமை எமது திறமையின் அளவன்று, தடையின் அளவு. அவ்வாண்டுகளை அடியாகக் கொண்டு பங்கு வகுத்தால், தடுக்கப்பட்டவர் இரண்டாம் முறையும் தடுக்கப்படுவர்.

இக்காரணத்தாற் பிடிப்பேட்டை அதிகாரி கட்டும் கயிறாக மட்டும் எமது மக்கள் கருதுதல் ஆகாது. அஃது உரிமைப்பத்திரமுமாகும். குடியேற்றக் காலத்தில் காடு வெட்டிக் களனியாக்கிய எமது முன்னோர், காணி உத்தரவுப்பத்திரத்தைத் தகரப் பெட்டியில் வைத்துக் காத்தமை நினைவிருக்கும். இடம்பெயர்ந்து மீண்டபோது அப்பத்திரம் இருந்தவர் எளிதில் நிலைபெற்றனர். இழந்தவர் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கினர். கடலிலும் அவ்வாறே. இன்று கரையில் மீன் பெரும்பாலும் கண்மதிப்பிற் கூறுபடுத்தி ஏலத்தில் விலைபோகின்றது. நிறையும் இல்லை, ஏடும் இல்லை. நிறுக்கப்படாத மீனுக்கு நாளை உரிமை கேட்பது அரிது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. தண்டனை இலேசாயின் அது வரியாகும். அளவிறந்ததாயின் மீன் கடலில் வீசப்படும். ஆதலின் மீறலின் ஆதாயத்தை மட்டும் செம்மையாகப் பறிப்பதே சிறந்த விதி. இரண்டாவது, எவ்விதியும் தராசின் நேர்மையை விஞ்சி நில்லாது. மூன்றாவது, மீறலின் கடனை மீறியவர் மட்டும் தீர்ப்பதில்லை. கடைமடையில் நிற்பவரே பெரும்பகுதியைத் தீர்க்கின்றனர்.

செய்யத்தக்கது பெரிய காரியமன்று. ஒவ்வொரு இறங்குதுறையிலும் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் ஒரு தராசும், தமிழில் ஒரு பேரேடும் இருத்தல் வேண்டும். மாத முடிவில் அக்கணக்கைச் சங்கச் சுவரில் யாவரும் காண ஒட்டுதல் வேண்டும். இக்கல்லூரியின் பழைய மாணவருள் கணக்காளர் உளர், சட்டத்தரணிகள் உளர், கடற்றொழிற் சங்கங்களிற் பணிபுரிவோரும் உளர். ஆண்டுக்கு ஒரு நாளை இப்பணிக்கு ஒதுக்கினாலே ஒரு துறையின் ஏட்டைச் செம்மையாகத் தொடங்கி வைக்கலாம். இன்று வகுப்பறையில் வீதக்கணக்குப் பயிலும் மாணவரும், மேலே கூறிய 1,150 தொன் கணக்கைத் தாமே செய்து பார்ப்பாராக. மீறல் 250 தொன்னாயின் அடுத்த ஆண்டிற் கழிவது எவ்வளவு என்றும் காண்பாராக. விடை 350 தொன். நூறு தொன் மிகுதியாகப் பிடித்ததற்கு நூற்றெழுபது தொன் மிகுதியாக இழக்க நேர்கின்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எமது முதியோர் சொன்னதன் கணக்கு வடிவம் அது.

இரணைமடுவின் நீரைப் பகிரக் கற்ற ஊர் இது. பங்கின் அருமையும் பங்கு மீறலின் கொடுமையும் அறிந்த ஊர். அவ்வறிவைக் கடற்கரைக்கும் கொண்டுசெல்வது எம் கடன்.